தேசிங்குக்குக் குதிரை, பில் மேசனுக்குச் சிவப்புப் படகு: ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரின் கதை

செஞ்சிக்குப் போயிருக்கீங்களா? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் போதும். பாறைகளை அள்ளிக் குவித்த மாதிரி ஒரு மலை வரும், அதன் உச்சியில் கோட்டை. அதுதான் ராஜகிரி. பக்கத்திலேயே கிருஷ்ணகிரி, சந்திரகிரி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12 சேர்ந்தபோது, அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை நம்ம செஞ்சிதான்.

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் தேசிங்கு ராஜன். 1714-ல் ஆற்காடு நவாபின் படையை எதிர்த்து நின்று, சின்ன வயதிலேயே செத்துப்போனவர். ஆட்சியில் இருந்தது சில மாதங்கள்தான். ஆனால், யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கிய வீரன் என்று கதைப்பாடல் அவரை இன்னும் உயிரோடு வெச்சிருக்கு. 300 வருஷம் தாண்டியும் ஒருத்தர் ஞாபகத்தில் இருக்க, ஒரு குதிரை போதுமா இருந்திருக்கு.

குதிரை சரி. ஆறு?

செஞ்சிக்கும் ஒரு ஆறு இருக்கு. சங்கராபரணி. செஞ்சி மலைப் பகுதியில் கிளம்பி, வீடூர் அணையில் தேங்கி, புதுச்சேரிப் பக்கம் போய்க் கடலில் சேரும். வருஷத்தில் பல மாதங்கள் அதில் மணலையும் முள்செடியையும்தான் பார்க்கலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது கதை மாறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. விழுப்புரம் மாவட்டத்தின் ஆறுகள் எல்லாம் ஒரே ராத்திரியில் வேற முகம் காட்டின. வருஷம் முழுக்க இல்லாத தண்ணி ஒரே நாளில் வந்தால், அதை எப்படிப் பார்க்கணும்னு யாருக்குத் தெரியும்? தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணிதானேன்னு பைக்கை இறக்குகிறவர்களை ஒவ்வொரு மழைக்கும் நியூஸில் பார்க்கிறோம். குதிரை ஓட்டினவனுக்குப் பாட்டு இருக்கிற ஊர்ல, ஆற்றைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவங்க யாரும் இல்லை.

கனடாவில் ஒருத்தர் இருந்தார். 1988-லேயே இறந்துபோனார். ஆனால், படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டர் ஆகணும்னு அங்கே யார் கிளம்பினாலும், ஏதோ ஒரு கட்டத்தில் அவர் பெயரைத் தாண்டித்தான் போகணும். அவர் பெயர் பில் மேசன். அவர் ஓட்டியது கனோ.

கயாக் வேற, கனோ வேற. ரீல்ஸில் நீங்க அடிக்கடி பார்க்கிறது கயாக். காலை முன்னாடி நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டை இருக்கிற துடுப்பை மாத்தி மாத்திப் போடுவாங்க. கனோ மேல் பக்கம் திறந்த, நீளமான, இரண்டு முனையும் கூரான படகு. நம்ம ஊர் வல்லத்தின் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம். அதில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரே தட்டை உள்ள துடுப்பை ஒரு பக்கமாகப் போடணும். வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் பிர்ச் மரப்பட்டையில் செய்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்வந்த வாகனம் இது. இதைத் தான் கண்டுபிடிக்கவில்லை, அவர்களிடமிருந்து வந்த கொடை என்பதை மேசன் எப்போதும் மறந்ததில்லை.

மூச்சு வாங்கிய பையன்

1929 ஏப்ரல் 21. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் வின்னிபெக் நகரம். அங்கே பிறந்தார் மேசன். உயரம் கம்மி, உடம்பு ஒல்லி. போதாக்குறைக்கு ஆஸ்துமா. கடைசி வரைக்கும் அது அவரை விடவே இல்லை. ஓடினா மூச்சு வாங்குற பையனை எந்த டீமில் சேர்ப்பாங்க? ஸ்கூல் கிரவுண்டில் ஓரமாக உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்லை.

கோடை விடுமுறைக்கு வின்னிபெக் ஏரிக்கரையில் இருக்கும் கிராண்ட் பீச்சுக்குக் குடும்பத்தோடு போவார்கள். அங்கேதான் கனோ அறிமுகம். தண்ணீரில் ஓட வேண்டாம், தாவ வேண்டாம். துடுப்பு இருந்தால் போதும், யாரும் வராத இடத்துக்குக்கூடப் போய்ச் சேரலாம். அந்தப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

படிப்பு, ஓவியம். மானிடோபா பல்கலைக்கழகத்தின் ஓவியப் பள்ளியில் படித்து 1951-ல் வெளியே வந்தார். விளம்பர ஓவியர் வேலை, பிறகு அனிமேஷன். ஒரு கை அசைவதைக் காட்ட எத்தனை படம் வரையணும்னு தெரிஞ்சிருக்கணும் அனிமேஷன் செய்கிறவருக்கு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

அதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. கோடைக்காலத்தில் சிறுவர்களுக்காக நடத்தும் பயனியர் முகாமில் கனோ பயணங்களுக்குப் போக ஆரம்பித்தார். கனடாவில் இந்தக் கோடை முகாம்கள் பெரிய பாரம்பரியம். பலருக்கு இன்ஸ்ட்ரக்டர் வாழ்க்கை அங்கேதான் தொடங்கும். முதல் வருஷம் நீங்க மாணவன், அடுத்த சில வருஷத்தில் சின்னப் பசங்களுக்குத் துடுப்பு பிடிக்கச் சொல்லிக் கொடுப்பீங்க. மேசன் பெரும்பாலும் தானாகவே தப்புப் பண்ணிப் பண்ணிக் கற்றுக்கொண்டவர். ஏரியில் அது பரவாயில்லை. பாறையும் நுரையுமாக இறங்கும் ஆற்றில் அப்படிக் கற்றுக்கொள்வதற்கு விலை அதிகம். கனடா ஆறுகளில் படகு கவிழ்ந்தால் மூழ்குறது மட்டும் ஆபத்து இல்லை. தண்ணியோட குளிரே சில நிமிஷத்தில் கை விரலை மடக்க முடியாமல் செஞ்சிடும்.

கிறிஸ்டோபர் சாப்மன் என்ற இயக்குநர் 1950-களின் கடைசியில் 'குவெட்டிகோ' என்றொரு குறும்படம் எடுத்தார். ஒன்டாரியோவில் உள்ள ஒரு வனப் பூங்கா பற்றியது. அதில் கனோ ஓட்டுகிறவராக நடிக்க ஆள் வேணும். மேசன் போனார். திரும்பி வரும்போது அவருக்குக் கேமரா பைத்தியம் பிடித்திருந்தது. துடுப்பு பிடித்த ஓவியர் இப்போ சினிமாக்காரர்.

ஆஸ்கர் வரை போன பொம்மைப் படகு

1960-களில் கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக அவர் எடுத்த படங்களை வேகமாகச் சொல்லிட்டுப் போயிடறேன். 1966-ல் 'பேடில் டு த சீ'. ஒரு பூர்வகுடிச் சிறுவன் மரத்தில் செதுக்கிய பொம்மைக் கனோ, பனி உருகும் நீரில் இறங்கிக் கடல் வரைக்கும் போகும் கதை. ஆஸ்கருக்குப் பரிந்துரை ஆச்சு. 1968-ல் வந்த 'த ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் த கிரேட் லேக்ஸ்' செம காமெடி. கனோவில் போகும் ஓர் ஆள், பனியுகத்தில் ஆரம்பிச்சு தொழிற்சாலைக் கழிவு வரை மாட்டிக்கொண்டு முழிப்பார். 1969-ல் 'பிளேக்', அதுவும் ஆஸ்கர் பரிந்துரை. 1972-ல் ஓநாய்கள் பற்றி 'க்ரை ஆஃப் த வைல்ட்'. இதுக்காக வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓநாய்களை வளர்த்தார் மனிதர்! மனைவி ஜாய்ஸ், மகன் பால், மகள் பெக்கி, கூடவே ஓநாய்கள். வீடு ஒட்டாவா நகரத்துக்குப் பக்கத்தில், கியூபெக்கில் மீச் ஏரிக்கரையில்.

ஓநாய்ப் படம் அமெரிக்கத் தியேட்டர்களில் நல்லா ஓடியது. பேரும் வந்தாச்சு. அடுத்து பெரிய பட்ஜெட், பெரிய படம் என்றுதானே எவரும் போவாங்க? மேசன் எடுத்தது, துடுப்பை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித்தரும் படம்.

'பாத் ஆஃப் த பேடில்'. 1977. நான்கு பாகம். தனியாக ஓட்டுவதற்கு இரண்டு, இருவராக ஓட்டுவதற்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் அமைதியான தண்ணீருக்கு ஒன்று, பொங்கும் தண்ணீருக்கு ஒன்று. இப்போ நாம யூடியூபில் எதையும் 'ஹவ் டு' போட்டுத் தேடுறோம். அந்தப் பழக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்னாடி, ஒரு மனிதர் 16 அடி சிவப்புக் கனோவில் முட்டி போட்டு உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து நிதானமாகச் சொல்லித் தருகிறார். அந்தச் சிவப்பு கனோ செஸ்ட்நட் கம்பெனியின் 'பிராஸ்பெக்டர்' மாடல். தேவதாரு வகை மரச் சட்டத்தின் மேல் கேன்வாஸ் துணி இழுத்துக் கட்டிய பழைய பாணிப் படகு. அலுமினியம், பிளாஸ்டிக் எல்லாம் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

சரி, அப்படி என்ன சொல்லித் தந்தார்?

ஒகேனக்கல் பரிசலை நினைச்சுப் பாருங்க. பரிசல்காரர் ஒரே துடுப்பை வெச்சு நேரா கொண்டுபோவார். நீங்க ஆசையா வாங்கிப் போட்டால் தட்டாமாலை சுத்தும். கனோவிலும் இதே பிரச்னைதான், கொஞ்சம் நீளமான வடிவத்தில். வலது பக்கம் துடுப்பு போட்டால் படகின் மூக்கு இடது பக்கம் திரும்பும். திரும்பத் திரும்பப் போட்டால் திரும்பிக்கொண்டே போகும். புதுசா ஏறுகிறவங்க என்ன செய்வாங்க? வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டுன்னு மாத்தி மாத்திப் போட்டு, மடியெல்லாம் தண்ணி ஊத்திப்பாங்க. (ஒரு படகுத் துறையில் நானும் இதைச் செய்திருக்கிறேன். கரையில் இருந்தவங்க சிரித்தது இன்னும் காதில் இருக்கு.)

இதுக்கு விடை 'ஜே ஸ்ட்ரோக்'. துடுப்பை வழக்கம்போலப் பின்னால் இழுத்து, கடைசி நொடியில் மேல் கையின் கட்டை விரல் கீழே பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, தட்டையைப் படகிலிருந்து வெளிப்பக்கமாகச் சின்னதா ஒரு தள்ளு. தண்ணீருக்குள் துடுப்பு போகும் பாதை ஆங்கில எழுத்து 'ஜே' மாதிரி இருக்கும். அவ்வளவுதான். படகு நேரா போகும். கேட்கும்போது சுலபம். கைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும்.

இதோடு இழுப்பு, நெம்பு. துடுப்பைத் தள்ளி நட்டு உங்களை நோக்கி இழுத்தால் படகு அந்தப் பக்கம் நகரும். படகின் விளிம்பில் துடுப்பைச் சாய்த்து நெம்புகோல் மாதிரி நெம்பினால் எதிர்ப்பக்கம் நகரும். பாறை நேரா வரும்போது இந்த இரண்டும்தான் உயிர். படகில் இருவர் இருந்தால் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒரே நொடியில் ஒரே முடிவு வரணும். முன்னால் இருப்பவர் இடதுக்கு இழுத்து, பின்னால் இருப்பவர் எதிராக நெம்பினால்? படகு குறுக்கே திரும்பி, பாறையில் மோதி, ஆற்றின் எடையில் பாறையைச் சுற்றிக் காகிதம் மாதிரி மடங்கிடும். இருவர் ஓட்டும் படங்களில் மேசனுடன் துடுப்பு போடுவது அவர் மகன் பால். அப்பாவும் டீன் ஏஜ் மகனும் ஒரே படகில்! அதையும் அவர் சமாளித்திருக்கிறார்.

இங்கேதான் அந்த அனிமேஷன் வேலை கைகொடுத்தது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய பேர் உண்டு. அவர்களிடம் எப்படின்னு கேட்டால், செய்து காட்டுவார்கள். ஒரு நொடியில் முடிந்துவிடும், உங்களுக்கு ஒண்ணும் புரிந்திருக்காது. ஒரு அசைவை இருபது துண்டாக வெட்டிப் பார்க்கும் கண் மேசனுக்கு இருந்தது. கை எங்கே, தோள் எங்கே, தட்டை எந்தக் கோணத்தில் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். 1980-ல் அதே பெயரில் வந்த புத்தகத்தில் படிப்படியான புகைப்படங்களோடு இதையே செய்தார். இன்றைக்குக் கனடாவில் கனோ இன்ஸ்ட்ரக்டர் பயிற்சிக்குப் போனால், நீங்க எவ்வளவு வேகமாகப் போறீங்கன்னு மட்டும் பார்த்துச் சான்றிதழ் தந்துவிட மாட்டார்கள். தெரியாத ஒருத்தருக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் செய்து காட்ட முடியுதா, அவர் செய்கிற தப்பு உங்க கண்ணில் படுதா, கவிழ்ந்தால் இன்னொரு படகை வைத்து அவரையும் அவர் படகையும் மீட்கத் தெரியுமா என்றும் பார்ப்பார்கள். கவிழ்ந்த படகை உங்க படகின் குறுக்கே இழுத்துப் போட்டு, தண்ணியை வடித்து, திரும்பவும் மிதக்கவிட்டு, நனைந்தவரை ஏற்றுவது ஒரு தனிப் பாடம்.

மேலே 'வி', கீழே 'வி'

துடுப்பு பாதிப் பாடம்தான். மீதி, ஆற்றைப் படிப்பது. எனக்கு மேசன் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது.

வேகமாக ஓடும் ஆற்றை மேலிருந்து பாருங்க. தண்ணீரின் மேல் 'வி' வடிவங்கள் தெரியும். கூர்முனை ஆறு போகும் திசையைப் பார்த்திருந்தால், இரண்டு பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் ஆழமாகப் போகும் வழி அது. உள்ளே போகலாம். கூர்முனை உங்களைப் பார்த்திருந்தால், அதாவது மேல்நோக்கி இருந்தால், தண்ணிக்கு அடியில் பாறை ஒளிந்திருக்கு. போகக் கூடாது. பெரிய பாறைக்குப் பின்பக்கம் தண்ணீர் அமைதியாகவோ, எதிர்த் திசையில் மெல்லச் சுழன்றோ இருக்கும். அது ஓய்வறை. கொந்தளிப்புக்கு நடுவில் படகை அதற்குள் திருப்பி நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த பகுதியைப் பார்த்து முடிவு பண்ணலாம். ஆற்றைக் கடக்கணும்னா, நேர் குறுக்கே போகக் கூடாது. மூக்கை மேல்நோக்கி, ஓட்டத்துக்குச் சின்னக் கோணத்தில் வைத்துத் துடுப்பு போட்டால், ஆறே உங்களைப் பக்கவாட்டில் தள்ளி அக்கரையில் சேர்க்கும். ஆற்றோட சண்டை போட வேண்டாம், அதன் பலத்தைக் கடன் வாங்கினால் போதும்.

இதையெல்லாம் படகில் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால், மேசனின் முறை இது: சத்தம் கேட்டதும் கரை ஒதுங்கு. இறங்கு. கரையோரமாகக் கடைசி வரை நட. எங்கே நுழைவோம், எங்கே நிற்போம், கவிழ்ந்தால் எங்கே போய்ச் சேருவோம் என்று பார். கவிழ்ந்தால் கீழே அமைதியான குட்டை இருக்கா, இல்லை அடுத்த அருவியா? அருவி என்றால் யோசிக்க ஒண்ணுமில்லை. படகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு, காட்டு வழியே நடந்து, அந்தப் பகுதியைத் தாண்டிப் போய் மறுபடி இறங்கணும். அந்தப் படகு 30 கிலோவுக்கு மேல். கூடவே மூட்டை முடிச்சு. கொசு. சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் நடை.

படம் எடுக்கிறவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கு. பார்க்கிறவங்களுக்கு வேண்டியது அருவியில் பாயும் படகு. தோளில் படகைச் சுமந்து நடக்கிறவரை யார் ரசிப்பார்கள்? மேசன் இரண்டையும் காட்டினார். பாய்ந்ததையும் காட்டினார், கவிழ்ந்ததையும் காட்டினார், சுமந்து நடந்ததையும் காட்டினார். தூக்கிக்கொண்டு நடப்பது தோற்றவன் செய்யும் வேலை இல்லை, படகோட்டும் கலையில் அதுவும் ஒரு பாகம் என்று நின்றார். வெள்ளத்தில் தரைப்பாலத்தின் முன்னால் பைக்கைத் திருப்பிக்கொண்டு 15 கிலோமீட்டர் சுத்திப் போகிறவருக்கு நம்ம ஊரில் யாரும் லைக் போடுறதில்லை, இல்லையா?

ஆனால், அவரைப் புனிதர் ஆக்கிட வேண்டாம். எந்த இன்ஸ்ட்ரக்டரும் முதல் நாளே சொல்லும் பாடம், ஆற்றுக்குத் தனியாகப் போகாதே. மேசனுக்கோ தனியாகப் போவதில்தான் உயிர். ஆள் நடமாட்டமே இல்லாத ஆறுகளில் தனியாகத் துடுப்பு போட்டிருக்கிறார். திரையில் அவர் தனியாகத் தெரியும் பல காட்சிகளில் கேமராவுக்குப் பின்னால் நண்பர் கென் பக் இருந்தார் என்பது வேற விஷயம். படத்தைப் பார்த்துவிட்டு, அனுபவமே இல்லாமல் தனியாகக் கிளம்பியவர்களும் இருந்திருப்பார்கள். ஓர் ஆசிரியர் ஆசையைக் கிளப்பிவிடாமல் கற்றுக்கொடுக்க முடியாது. கிளப்பின ஆசைக்கு யார் காவல்? இந்தக் கேள்விக்கு அவர் படங்களில் எனக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. அதே விஷயத்தைத் திரும்பத் திரும்ப, நிதானமாக, பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்பது மட்டும் தெரியுது.

கேமராவை வைத்துவிட்டுத் தூரிகை

1978-ல் 'சாங் ஆஃப் த பேடில்' வந்தது. குடும்பத்தோடு போன கனோ பயணம். 1984-ல் 'வாட்டர்வாக்கர்'. சுப்பீரியர் ஏரிக்கரையிலும் அதில் விழும் ஆறுகளிலும், படகும் ஓவியப் பெட்டியுமாக ஒரு மனிதர் அலையும் முழுநீளப் படம். புரூஸ் காக்பர்ன் இசையமைத்தார். மேசனுக்கு இறைநம்பிக்கை ஆழம். இயற்கையைக் கடவுளின் கைவேலையாகப் பார்த்தவர். அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்பதும் அந்த நம்பிக்கையிலிருந்துதான் வந்தது. அணை கட்டி ஓட்டம் நிறுத்தப்பட்ட ஆறுகள் அவரைக் கடைசி வரைக்கும் வருத்தின.

அந்தப் படத்தோடு சினிமாவை நிறுத்திக்கொண்டார். புகழ் உச்சத்தில் இருக்கும்போது! மிச்ச நாளை ஓவியத்துக்கு என்று ஒதுக்கினார். ஆங்கிலேய ஓவியர் டர்னர்தான் அவருக்குக் கனவு நாயகன். தூரிகையைவிட ஓவியக் கத்தியால் எண்ணெய் வண்ணத்தை இழுத்து, நுரையையும் பாறையையும் சின்னச் சின்னப் படங்களாக வரைந்தார். 25 வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலை. கிடைத்தது நாலு வருஷம்தான்.

1988-ல் புற்றுநோய். அதுவும் முற்றிய நிலையில். 59 வயது.

அந்தக் கோடையில் குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து நஹானி ஆற்றுக்குப் போனார்கள். கனடாவின் வடமேற்குப் பகுதியில், மலைகளைப் பிளந்துகொண்டு ஓடும் ஆறு. நயாகராவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமான வர்ஜீனியா அருவி அங்கேதான் இருக்கு. யுனெஸ்கோ 1978-ல் முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியல் போட்டபோது, அதிலேயே இடம்பிடித்த இடம். அந்த அருவியை எந்தக் கனோவும் இறங்கித் தாண்ட முடியாது. எல்லாரும் செய்வதைப்போல, மூட்டையையும் படகையும் சுமந்து, மலைவழியே நடந்து கீழே போய்த்தான் மறுபடி தண்ணீரில் இறங்கணும்.

1988 அக்டோபர் 29. மீச் ஏரிக்கரை வீட்டில் பில் மேசன் இறந்தார். 'சாங் ஆஃப் த பேடில்' புத்தகம் அதே வருஷம் வெளிவந்தது. 10 வருஷம் கழித்து, 1998-ல், கனடா தபால்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நீங்க இந்தத் துறைக்குப் போகணும்னு நினைத்தால், இந்தியாவிலும் வழி இருக்கு. கோவாவில் மத்திய சுற்றுலாத்துறையின் கீழ் இயங்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்பு, படகு ஓட்டும் பயிற்சிகளைத் தருது. ரிஷிகேஷில் கங்கையில் ராஃப்ட் ஓட்டும் கைடுகள் இருக்காங்க. அங்கே போறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. 'பாத் ஆஃப் த பேடில்' படங்களைக் கனடா தேசியத் திரைப்பட வாரியம் தன் இணையதளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கு. நான் பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் முதல் பாகத்தைப் பார்த்தேன். பாதியில், என் வலது கை தானாக மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டிருந்ததைப் பக்கத்து சீட் அக்கா ஒரு மாதிரி பார்த்தாங்க.

மகன் பால், பொங்கும் தண்ணீரில் கனோ ஓட்டுவது பற்றி 1999-ல் மார்க் ஸ்க்ரைவரோடு சேர்ந்து புத்தகம் எழுதினார். மகள் பெக்கி அப்பாவைப்போலவே ஓவியர். தனியாகக் கனோ ஓட்டும் பழைய பாணியைக் கற்றுக்கொடுப்பவர், அதற்குப் படங்களும் எடுத்திருக்கிறார். அவர் ஓட்டும் படகும் சிவப்புதான்.